'போயிட்டு வரேன்' சோலைமுத்து பற்றி ஒரு புகார்

முவைலா, ஷார்ஜா
17.12.2004, வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் முரளிதரன் அவர்களுக்கு, கோபாலசாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை பத்மாவும் குழந்தை ஹர்ஷினியும் சுகம். அங்கே உங்கள் மூட்டுவலியும், மாடிவீட்டுக்காரரோடு உங்களுக்கு இருக்கும் தண்ணீர்த் தகராறும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. உங்கள் சிநேகிதர் சோலைமுத்துவை எப்போது திரும்ப எடுத்துக்கொள்வதாக உத்தேசம்?

"பத்தே நாள் மாப்பிள்ளை, தமிழ்ச் சங்கத்துல தீபாவளி நிகழ்ச்சி பண்ணிட்டுத் திரும்பிருவாரு" என்று போனில் சொன்னது நீங்கள். அதை நம்பி விசிட் விசாவில் ஸ்பான்சர் என்று கையெழுத்துப் போட்டது நான். அக்டோபர் முப்பதாம் தேதி வந்து இறங்கினார். சில நாளிலேயே இந்நாட்டுத் தலைவர் காலமாகி, நாற்பது நாள் துக்கத்தில் ஆட்டம் பாட்டம் எல்லாம் நின்றுபோயின. சங்கச் செயலாளர் ஐயப்பன் நிகழ்ச்சியை டிசம்பருக்குத் தள்ளிவைத்தார். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டதும் மனிதர் பெட்டியைக் கட்டாமல், பெட்டியில் இருந்த சட்டைகளை எடுத்து என் அலமாரியில் அடுக்கினார் பாருங்கள், அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் தட்டியது. விசா இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் அவர் கிளம்பாவிட்டால் மாட்டிக்கொள்வது நான். பதினாறு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஒரு கெட்ட பெயர் வாங்காதவன், இனி இமிக்ரேஷன் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். எப்போது பயணம் என்று நாசூக்காகக் கேட்டால், ஓபன் டிக்கெட் சார் என்கிறார். போகிற தேதி போடாத டிக்கெட்டை ஒரு மனிதன் போவதற்காகவா வைத்திருப்பான்?

எண்பதுகளில் செவ்வாய்க்கிழமை தோறும் டிவியில் வந்த அந்தப் பத்து நிமிஷச் சிரிப்பு நாடகம் உங்களுக்கு மறந்திருக்காது. உங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு முன்னால் தெருவே கூடியிருக்கும். வாராவாரம் ஒரு புது வீடு, வாராவாரம் அதே விருந்தாளி சோலைமுத்து. மூக்குப் பிடிக்கத் தின்பார், பையை எடுப்பார், "போயிட்டு வரேன்" என்று கும்பிட்டுக் கதவைத் தாண்டுவார். வீட்டுக்காரர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்ததும் கதவு திறக்கும். "போயிட்டேன், வந்துட்டேன். சொன்ன சொல்லு தவறக் கூடாதுல்ல?" என்பார். அன்றைக்கு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வீட்டுக்காரனுக்கு வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. தினமும் காலையில் நடக்கக் கிளம்பும்போது இவர் என் வாசலில் நின்று அதே வார்த்தையைச் சொல்கிறார். நாம் எல்லோரும் சொல்லும் வார்த்தைதான். இவர் வாயில் வந்தால் மிரட்டல் போல் இருக்கிறது. உங்கள் தங்கையோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

இன்னும் கேளுங்கள். வந்த இரண்டாம் வாரம் பால்கனித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை நட்டுவைத்தார். கறிவேப்பிலை பறிக்கிற அளவுக்கு வளர இரண்டு வருஷம் ஆகுமாம், அவரே சொல்கிறார். அடுத்தது சர்க்கரை. உத்தியோகப் பழக்கத்தில் சர்க்கரை டப்பாவில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைப்பேன். பத்மாவுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். ஒரு நாளைக்கு நான்கு டீ குடிக்கிற ஆள் வீட்டில் இருந்தும், ஏழு வாரமாகச் சர்க்கரை அந்தக் கோட்டை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. இறங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்! அப்புறம் அந்தப் பச்சை அட்டை நோட்டு. எப்போது பார்த்தாலும் என்னை ஓரக்கண்ணால் பார்த்து ஏதோ எழுதுகிறார், ஹர்ஷினி எட்டிப் பார்த்துவிட்டு ரூமுக்குள் ஓடிப்போய்ச் சிரிக்கிறாள். ஒரு நாள் அவர் குளிக்கப் போன சமயம் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். "தாழ்ப்பாள்: போட்ட பிறகு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறார். ஏ.சி. ரிமோட்: சட்டைப் பையில். சர்க்கரை டப்பா: பென்சில் கோடு." இது வீடு புகுந்து திருடப் போகிறவன் எடுக்கிற குறிப்பா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். அன்று முதல் எங்கள் பாஸ்போர்ட்டுகள் மூன்றும் அரிசி டப்பாவுக்குள் இருக்கின்றன.

நேற்று ஒருவழியாக நிகழ்ச்சி நடந்தது. ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஐந்நூறு பேர். திரை விலகியதும் பார்த்தால், சோலைமுத்து விருந்தாளி இல்லை, வீட்டுக்காரர்! கதவைத் தாழ் போட்டு மூன்று தடவை இழுத்துப் பார்த்தார், ஏ.சி. ரிமோட்டைச் சட்டைப் பைக்குள் போட்டார், விருந்தாளி இருமினால்கூட ஏன் இருமினான் என்று யோசித்தார், சர்க்கரை டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோடு போட்டார். நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். "இப்படியும் சில பிறவிகள் இருக்கத்தான் செய்கிறார்கள்" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லவும் சொன்னேன். அவர் என் சட்டைப் பையையே பார்த்தார். பையில் ரிமோட் இருந்தது. கிளம்பும் அவசரத்தில் எடுத்துவைக்க மறந்துவிட்டேன். ஹர்ஷினி என் தோளைத் தட்டி, "அப்பா, தட்ஸ் யூ" என்றாள். பத்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். ஆக, கோடு விஷயம் அவளுக்கும் தெரியும்.

நாடகம் முடிந்ததும் ஹால் முழுக்க 'போயிட்டு வரேன்' சொல்லுங்க என்று ஒரே கூச்சல். அவர் மேடை முன்னால் வந்தார். பிறகு கும்பிட்டு, அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கதவைத் தாண்டிப் போனார். எல்லோரும் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம் ஆயிற்று, இன்னும் சிரித்தார்கள். ஐந்து நிமிஷம் ஆயிற்று, ஐயப்பன் பொன்னாடையை விரித்தபடி மேடையில் நிற்கிறார், ஒருவரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. எனக்கு மட்டும் உட்கார முடியவில்லை. நான் கையெழுத்துப் போட்ட மனிதன் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டான் என்று முடிவு செய்து ஓடினேன்.

கார் நிறுத்துமிடத்தில் என் காருக்குப் பக்கத்தில் முகத்துப் பவுடரைப் பாதி துடைத்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அந்த நாடகத்தை நிறுத்துனன்னிக்கி ஸ்டுடியோவுல எல்லாருக்கும் கும்பிடு போட்டு, போயிட்டு வரேன்னேன் சார். சிரிச்சுக்கிட்டு கதவையே பாத்து உக்காந்திருந்தாங்க. நான் பஸ் ஏறி வீட்டுக்கே போயிட்டேன். அப்புறம் வேற வேஷம் யாரும் குடுக்கல. வாடகைக்கு வீடு கேட்டாக்கூட, நீங்க காலி பண்ண மாட்டீங்களேன்னு சிரிப்பாங்க. இந்த இருபது வருஷத்துல என் பின்னாடி வாசல் வரைக்கும் வந்த மொத ஆளு நீங்கதான்."

விசாவுக்காகத்தான் ஓடிவந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மச்சான், உங்களிடம் சொல்வதற்கென்ன, வெட்கமாக இருந்தது. அதை மறைக்க, என்னைப் போய் ஏன் மேடையில் ஏற்றினீர்கள் என்று கோபமாகக் கேட்டேன்.

"வீட்டுக்காரனா நடிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை சார். அதுக்கு ஒரு வீட்டுக்குள்ள இருந்து பாக்கணும்ல? யாரும் உள்ள விடல. நீங்க விட்டீங்க."

இதுவும் நடிப்போ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆகவே அவருடைய டிக்கெட்டில் இருபத்துநாலாம் தேதி என்று நானே போட்டுவைத்துவிட்டேன். நீங்கள் மறக்காமல் சென்னை விமான நிலையத்துக்குப் போய், ஆள் வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்து, உடனே எனக்குப் போன் செய்யவும். நீங்கள் எல்லா நலமும் பெற்று, குறிப்பாக யாரையும் யார் வீட்டுக்கும் அனுப்பிவைக்காமல், நூறு வயது வாழ வேண்டுமென்று ஆண்டவனை வேண்டும்,

உங்கள் தங்கை கணவன்,
கோபாலசாமி

பி.கு. (24.12.2004): தபாலில் போட்டால் தேதிக்குள் வந்து சேராது என்று, விமான நிலையத்துக்குப் போகும்படி உங்களுக்குப் போனில் சொல்லிவிட்டு, இதை அவரிடமே கொடுத்தனுப்பலாம் என்றிருந்தேன். வழியில் பிரித்துப் படிப்பார் என்ற சந்தேகத்தில் என் பையிலேயே வைத்துக்கொண்டேன். இன்று விமான நிலையத்து வாசலில் "போயிட்டு வரேன் சார்" என்று கும்பிட்டார். தள்ளுவண்டியோடு நின்ற நம்மூர்ப் பையன்கள் இரண்டு பேர் அடையாளம் தெரிந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். வரவில்லை. வீட்டுக்கு வந்து டீ போடலாம் என்று சர்க்கரை டப்பாவை எடுத்தால், அதன் பின்னால் ஒரு சர்க்கரைப் பாக்கெட் பாதி காலியாக இருக்கிறது. பத்மாவைக் கேட்டேன். காலை நடை முடிந்து வரும் வழியில் அவர்தான் வாங்கி வருவாராம். கோடு இறங்கினால் பாவம் சாருக்குத் தூக்கம் வராது என்று தினமும் கோடு வரைக்கும் கொட்டிவைத்திருக்கிறார். மேலே நான் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவும். இத்துடன் புது விசா ஃபாரம் இருக்கிறது, ஸ்பான்சர் கையெழுத்துப் போட்டாயிற்று. கறிவேப்பிலைக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. போயிட்டு வரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். சொன்ன சொல் தவறக் கூடாது என்று அவரிடம் சொல்லுங்கள்.