பாதி மாத்திரையும் முழுச் சம்மதமும்

மேற்கணக்கு,
றக்வான.
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான், ஓய்வுபெற்ற அதிபர் திரு. ராமச்சந்திரன் அவர்களுக்கு,

இவ்வளவு காலம் நான் வாய்மூடி இருந்தது போதும். இங்கே நானும் உங்கள் தங்கை விஜயகலாவும் மகள் துஷாந்தினியும் நலம். பலாங்கொடையில் நீங்களும் அக்காவும் மகன் நிரோஷனும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது மரபு. மரபை மீறுகிறவன் நான் அல்ல, எழுதிவிட்டேன். இனி விஷயம்.

உங்களுடைய பிரியாவிடை விழா மேடையில் நான் பெண் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. சம்மதித்தது மாத்திரை. நீங்கள் தை மாதத்தில் நாள் குறித்து, மண்டபத்துக்குச் சொல்லி, மேளகாரர்களையும் பேசிவிட்டதாகக் கேள்வி. எல்லாவற்றையும் நிறுத்தவும். காரணத்தைக் கீழே விளக்கமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசிக்கவும். பொறுமை உங்களுக்கு இல்லாத குணம் என்றாலும்.

நம் பள்ளிக்கூடத்து ஆசிரியர் கூட்டத்தில் நான் மயங்கி விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நினைவில்லாமல் எப்படி, இரண்டாம் தவணை நேரசூசி விஷயமாக உங்களுக்குப் பதில் சொல்ல எழுந்தபோதுதானே விழுந்தேன். பதிலைச் சொல்லி முடித்த பிறகு விழுந்திருக்கலாம், அந்தக் கொடுப்பினையும் இல்லை. என்னைத் தோட்டத்து வேனில் தூக்கிப் போட்டு இரத்தினபுரிக்குக் கொண்டுபோனது நீங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை றக்வான கடைத்தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்தீர்களே, அது என்ன பெருந்தன்மை? இதயம் நிற்காமல் அடிக்க நெஞ்சில் பேஸ்மேக்கர் மெஷினை வைத்தார்கள். உங்கள் தங்கை அதை 'பெட்டரி' என்றாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நான் 'பெட்டரி சேர்' ஆனேன். மெஷின் வைத்த மறுநாளே டொக்டர், இதயத்தை மெதுவாக்குகிற மாத்திரை ஒன்றும் எழுதினார், பீட்டா புளொக்கர் என்று பெயர். எனக்குப் பொறுக்கவில்லை. இதயம் நின்று நின்று போகிறது என்றுதானே மெஷின், பிறகு அதை மெதுவாக்க ஒரு மாத்திரையா, றக்வான மலையில் ஏறுகிற பஸ்ஸுக்கு எக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்தா மிதிப்பார்கள் என்று கேட்டேன். அந்தச் சிங்கள டொக்டர் சின்னப் பையன், சிரித்துக்கொண்டே விளக்கினார். என்னுடைய இதயம் சில நேரம் படுத்துவிடுமாம், சில நேரம் தலைதெறிக்க ஓடுமாம். படுக்காமல் பார்ப்பது மெஷின், ஓடாமல் பார்ப்பது மாத்திரை. மெஷின் இருக்கிற தைரியத்தில்தான் மாத்திரையே தருகிறாராம். இரண்டும் இல்லாத பஸ்ஸில் நீங்கள் ஏறுவீர்களா சேர் என்று திருப்பிக் கேட்டார். பதில் இருந்தது. ஆனால் அப்போது நீங்கள் தோடம்பழப் பையோடு வார்டுக்குள் வந்தீர்கள், நான் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் மிஸ் மாத்திரைக் கவரை உங்கள் தங்கையின் கையில் கொடுத்து, தனக்குத் தெரிந்த தமிழில், "காலைல பாகயக், ராத்திரி பாகயக், மறக்க வேணாம் அம்மா" என்றிருக்கிறாள். சிங்களத்தில் பாகயக் என்றால் பாதி என்பது இந்த ஊரில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். உங்கள் தங்கை கல்யாணமான நாள் முதல் றக்வான சந்தையில் பருப்பையும் கருவாட்டையும் கிலோ பாகயக் என்று கேட்டு வாங்குகிறவள். ஆனால் முன்னும் பின்னும் தமிழாக வந்ததால், மிஸ் பாவம் நமக்காக முழுக்கத் தமிழிலேயே பேசுகிறாள் என்று நினைத்து, பாகயக் என்பதைப் பாகக்காய் என்று எடுத்துக்கொண்டாள். கவரில் எழுதியிருந்ததைப் பார்க்கலாம் என்றால், அது பஸ் தரிப்பிடத்து மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. ஆகையால் அன்று முதல் எனக்குக் காலையில் ஒரு முழு மாத்திரை, பாகற்காய்ப் பொரியல். இரவில் ஒரு முழு மாத்திரை, பாகற்காய்க் குழம்பு. ஏன்டி இப்படிக் கொல்றே என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில சொன்னதுங்க, கசந்தாத்தான் மருந்து" என்பாள். வாழ்க்கையே கசந்து போனவனுக்கு இது வேறயா என்று தின்று தொலைத்தேன்.

மச்சான், முழு மாத்திரை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது. கோபம் வரும், ஆனால் நெஞ்சு அதோடு கூடவே வராது. பால்காரன் தண்ணி கலக்குறான்னு தெரிஞ்சு ஏச வாயைத் திறந்தா, நாடி கோயில் மணி மாதிரி ஒரே சீரா அடிக்குது, வாயில இருந்து "பரவாயில்ல தம்பி"ன்னு வருது. பால்காரன் பயந்துபோய் இரண்டு நாள் நல்ல பால் ஊற்றினான்.

இந்த நிலைமையில்தான் உங்கள் விழா வந்தது. உப அதிபர் என்ற முறையில் என்னைப் பேசச் சொன்னீர்கள். நான் அந்தப் பேச்சை எத்தனை வருஷமாக மனசில் தீட்டி வைத்திருந்தேன் தெரியுமா? துஷாந்தினி பெரியவளானபோது தாய்மாமன் வந்து முதல் தண்ணீர் ஊற்றுவார் என்று ஊரே காத்திருந்தது. பொறுத்துப் பார்த்து நாங்களே ஊற்றி, பிள்ளையின் தலை காய்ந்த பிறகு நீங்கள் தட்டோடு வந்து நின்றீர்கள். ரோட்டில் மரம் விழுந்துவிட்டதாம். அதே பஸ்ஸில் வந்த மீன்காரர் மட்டும் மரத்தின் மேல் ஏறி நடந்து நேரத்துக்கு வந்து சேர்ந்தார். அன்றைக்கே முடிவு செய்தேன், உங்கள் வீட்டில் சம்பந்தம் இல்லை என்று. அதையெல்லாம் சபையில் வைத்துச் சொல்லத்தான் மைக்கைப் பிடித்தேன்.

சொன்னேன். ஒரு வரி விடாமல் சொன்னேன். "இவரைப் போல ஒரு மனிதரை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை" என்றேன். "இவர் எனக்குச் செய்ததை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்" என்றேன். "இதற்குப் பதில் செய்யாமல் என் கட்டை வேகாது" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல வேண்டிய வரிகள் இவை. நெஞ்சு ஒத்துழைக்காததால் அத்தனையும் தாலாட்டு மாதிரி வந்து விழுந்தன. முன்வரிசைப் பெற்றோர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நீங்கள் விம்மி அழுது, எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்து, மைக்கில், "மாப்ள, நமக்குள்ள இனி என்ன, எம் மருமகள எம் மகனுக்கே குடுத்துருங்க" என்றீர்கள். நான் கேட்டது இதுதான், கடவுள் சாட்சியாக இதுதான்: "எம் பொண்ண உங்க வீட்டுக்குக் குடுக்குறதா?" முப்பது வருஷம் தமிழ் படிப்பித்தவன் சொல்கிறேன், ஈற்றில் வருகிற ஆ வினா எழுத்து. அதை உயர்த்தி முடிக்க எனக்கு மூச்சில் வேகம் போதவில்லை. மைக் பிடித்தது "குடுக்குறது" வரைக்கும்தான். கைதட்டல் கூரைத் தகரம் வரை கேட்டது. ஓர் எழுத்து விழுந்ததில் ஒரு பெண் போய்விட்டாள்.

போன கிழமை கிளினிக்குக்குப் போனோம். அதே நர்ஸ் மிஸ், ஒழுங்காக எடுக்கிறாரா என்று கேட்டாள். உங்கள் தங்கை பெருமையாக, "பாகக்காய் ஒரு வேளைகூட விட்டதில்லங்க மிஸ், மாத்திரையும் முழுசா குடுத்துர்றேன்" என்றாள். விஷயம் விளங்கியதும் மிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வரிசையில் இருந்த சனமெல்லாம் சிரித்தது. டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை. மெஷின் இல்லாதிருந்தால், விழுங்கிய மாத்திரை அளவுக்கு நான் எங்கேயாவது விழுந்து கிடந்திருப்பேன் என்றார். இனிப் பாதி பாதிதான், நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம் என்று கண்டித்துச் சொன்னார்.

மச்சான், பாதிக்கு வந்த பிறகு என்னைப் பார்க்க வேண்டும். நேற்றுக் காலை பால்காரனை ஏசினேன், உடம்பெல்லாம் சூடாகி, காது சிவந்து, என்ன சுகம். உங்களை நினைச்சேன், நெஞ்சு டங்கு டங்குன்னு எழும்பி வந்துச்சு. ரொம்ப ஓடவும் இல்ல, படுக்கவும் இல்ல, அளவான கோபம், எழுதுறதுக்குத் தோதான கோபம். அந்த உற்சாகத்தில்தான் பேனாவை எடுத்தேன். ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: என் மகளை உங்கள் வீட்டுக்குக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை, இல்லை, இல்லவே இல்லை.

வயதில் மூத்தவர் என்பதால் உங்களுக்கு என் வணக்கம். அக்காவுக்கு அன்பு. நிரோஷனுக்கு ஆசீர்வாதம், தகப்பன் செய்ததற்குப் பிள்ளை என்ன செய்வான். எல்லாருக்கும் முருகன் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும், முதலில் உங்களுக்கு.

இப்படிக்கு,

பி.கு.: கையெழுத்து வைக்கப் போன நேரத்தில் துஷாந்தினி மாத்திரையும் தண்ணியுமாக வந்தாள். நான் அதை விழுங்குவதற்குள் கடிதத்தை எடுத்து முழுக்க வாசித்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். முன்னால் உட்கார்ந்து, "அந்த ஆ எனக்குக் கேட்டுச்சுப்பா" என்றாள். எப்படிடி என்றேன். மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாளாம். "கேட்ட உடனே, வேற யாருக்கும் கேட்டுறக் கூடாதேன்னு நான்தான் முதல்ல கை தட்டுனேன். அப்புறந்தான் மத்தவங்க தட்டுனாங்க. மாமா வீடு உங்களுக்கு வேணாம்னா நீங்க போகாதீங்கப்பா. எனக்கு நிரோஷன் வேணும்."

நெஞ்சைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஒரே சீராகத்தான் அடித்தது. மாத்திரை விழுங்கி அப்போது அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, அதனால் மாத்திரை மேல் பழி போடவும் வழியில்லை.

இதைக் கிழித்துப் போட மனசில்லை மச்சான், இவ்வளவு நன்றாக நான் எழுதி வெகு காலம். பெயர் போட்டு அனுப்பினால் கல்யாணம் நின்றுவிடும். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வராமல் நம் சனத்தில் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது, அதை மதித்து எந்த மானமுள்ள மாப்பிள்ளை வீடு கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறது? நீங்கள் மானமுள்ளவர் என்றே இந்த ஒரு விஷயத்தில் நம்புகிறேன். யாரோ வேண்டாதவன் எழுதினான் என்று வாசித்துவிட்டு, மண்டப வேலையைப் பாருங்கள். கையெழுத்து வைக்காமலே தபாலில் போடுகிறேன்.