லைனக்ஸ் சிடியும் ஒரு காதுகுத்து அழைப்பிதழும்

கவலைப்பட எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு, நானாகவே படித்துத் தேறிய ஒரே பாடம் அதுதான். மோட்டார் காயில் கட்டும் என் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், பூட்டினேனா என்று பார்க்க மறுபடி போவேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, இழுத்ததில் அது தளர்ந்திருக்குமோ என்று வழியில் நின்று யோசிப்பேன். இப்படிப்பட்டவன் எந்தக் காரியத்தையும் அஜாக்கிரதையால் கெடுக்க மாட்டான். ஜாக்கிரதையால்தான் கெடுப்பான்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் என் தங்கை செல்வி, அறந்தாங்கியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். மாப்பிள்ளை துபாயில். அவர்கள் மகள் நிலாவுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். நான் தாய்மாமன், பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும். அழைப்பிதழ் அடிக்கிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

எங்கள் பக்கம் அழைப்பிதழ் என்பது தேதி சொல்லும் காகிதம் இல்லை. யார் பெயர் இருக்கிறது, யாருக்கு மேல் யார் இருக்கிறார், அதுதான் விஷயம். தேதி தப்பாக இருந்தால் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள். பெயர் விட்டுப்போனால் கேட்க மாட்டார்கள், வரவும் மாட்டார்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் கல்யாணப் பத்திரிகையில் குளத்தூர் சித்தப்பா ராமையாவின் பெயர் விட்டுப்போயிற்று. அப்பாவுக்கு ஒரே தம்பி. அச்சுக்கு முன்னால் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அன்றிலிருந்து ஆறு வருஷமாக அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அப்பா இறந்தபோதுகூட நேரே சுடுகாட்டுக்கு வந்து, அங்கிருந்தே பஸ் ஏறிப் போய்விட்டார்.

"அப்பா எடத்துல சித்தப்பா வந்து நிக்கணும்ணே," என்றாள் செல்வி. "அவரு பேரு மட்டும் சரியா வந்துரட்டும். நானே போயி கால்ல விழுந்து கூட்டியாறேன்."

இந்த முறை பிரஸ்ஸில் சொல்லி அடிக்க விடுவதில்லை, வீட்டுக் கணினியில் நானே அடித்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். (மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேச வாங்கிய கணினி அது. எனக்கு ஒரு விரலால் தமிழ் தட்டத் தெரியும்.) அந்த வாரம் பார்த்து, யாருடைய பென்டிரைவிலிருந்தோ வைரஸ் ஏறிக் கணினி எழுந்திருக்க மறுத்தது.

என்னோடு ஒன்பதாவது வரை படித்த ஜேம்ஸ் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். அவனிடம் ஓடினேன்.

"லைனக்ஸ்னு ஒண்ணு இருக்கு மாப்ள. அந்தச் சிடியப் போட்டா, சிடியிலேர்ந்தே கம்ப்யூட்டர் ஓடும். உள்ள இருக்கிற எதையும் தொடாது."

"எதையுமே தொடாதா?"

"தொடாதுடா."

"எழுதித் தர்றியா?"

ஜேம்ஸ் எழுதித் தரவில்லை. ஆனால் இன்டர்நெட்டிலிருந்து இறக்கித் தர ஒத்துக்கொண்டான். அது ஒரு நாள் முழுக்க இறங்கியது. நான் கடையிலிருந்து அரை மணிக்கொரு தரம் போய், பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவனைப் போல நின்று பார்த்துவிட்டு வந்தேன். தொண்ணூற்றாறு சதவீதத்தில் கரண்டு போயிற்று. மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

இறங்கி முடிந்தபோது ஜேம்ஸ் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வருவதற்குள் வேறு யாராவது அழித்துவிட்டால்? நானே அந்தக் கோப்பைப் பிடித்து அப்படியே சிடிக்குள் போட்டு எழுதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் போட்டால், கணினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜேம்ஸ் தலையில் அடித்துக்கொண்டான். "அரிசி மூட்டையத் தூக்கி எலையில வச்சுட்டு சாப்புடுங்கன்னு சொல்லுவியா? பிரிச்சு, ஆக்கிப் பரிமாறணும்ல. இத இமேஜா எழுதணும்டா." இரண்டாவது சிடியை அவனே எழுதினான். வீட்டுக்கும் வந்தான். கணினியை ஆன் செய்தவுடன் ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்து, எதை முதலில் பார்ப்பது என்ற வரிசையில் சிடியை மேலே ஏற்றினான். (கணினிக்குள்ளேயும் யாருக்கு மேல் யார் என்ற பிரச்சினைதான்.) பழைய வரிசையை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

சிடி உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. என் உயிர் அதோடு சேர்ந்து சுற்றியது. கடைசியில் பளிச்சென்று ஒரு திரை வந்தது. ஜேம்ஸ் தமிழ்த் தட்டச்சைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு மூலையைக் காட்டினான்.

"இன்ஸ்டால்னு ஒரு படம் இருக்கு பாரு. அத மட்டும் தொட்ராத. தொட்டு உள்ள போனா, இருக்கிறது அம்புட்டும் அழிஞ்சுரும்."

இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவன் போனதும் என் மனைவி மீனாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, திரையில் அந்தப் படம் தெரிந்த இடத்தில் ஒட்டி மறைத்தேன்.

மீனா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அதுக்கு மாலையும் போட்டுருங்களேன்."

காலை ஒன்பது மணிக்குத் தட்ட ஆரம்பித்தேன். கையில் ஒரு வெள்ளைத்தாள் பட்டியல் இருந்தது. ஆனால் வரிசை போனில்தான் தீர்மானமானது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து செல்வியின் மாமியார் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டார்.

"எங்க நாத்தனா வீட்டுக்காரரு எத்தனாவதா இருக்காரு தம்பி?"

"பதினாலாவதா இருக்காருங்கத்தை."

"பதினாலா! அவரு தம்பிக்காரரு?"

"பதினொண்ணு."

"நல்லாருக்கு! சின்னவரு மேல, பெரியவரு கீழயா? அங்கிட்டுத் தூக்கிப் போடுங்க தம்பி."

தூக்கிப் போட்டேன். நூற்றுச் சொச்சம் பேரை ஏற்றி இறக்கி, எல்லோருக்கும் சம்மதமான வரிசை வந்தபோது மணி மூன்று. சித்தப்பா பெயர் தாத்தா என்ற தலைப்பின் கீழ் முதலில் நின்றது. திரையிலேயே மூன்று தரம் சேமித்தேன்.

பிறகு அந்தத் தாளைப் பார்த்தேன். அடித்தல் திருத்தலோடு, யாரை யாருக்குக் கீழே இறக்கினோம் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. இது ஒரு பங்காளி கண்ணில் பட்டால்? எட்டாகக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டு, சாம்பலையும் கிளறிவிட்டேன்.

பிரஸ்ஸுக்கு எடுத்துப் போகப் பென்டிரைவ் புதிதாக வாங்க வேண்டும், பழையதைச் செருக எனக்கு மனம் இல்லை. வெளியே இடி முழங்கியது. இடி நேரத்தில் கணினியை ஓடவிட்டுப் போகலாமா? முறைப்படி அணைத்தேன். சிடி தட்டு தானாக வெளியே வந்து, எடுத்துக்கொள் என்றது. எவ்வளவு மரியாதையான கணினி என்று நினைத்துக்கொண்டேன்.

புதிய பென்டிரைவோடு வந்து, சிடியைப் போட்டு மறுபடி ஆன் செய்தேன். அதே பளிச்சென்ற திரை. அதே பொட்டு. என் கோப்பு மட்டும் இல்லை.

"எங்கடா சேவ் பண்ணுன?" என்றான் ஜேம்ஸ் போனில்.

"திரையிலதான்."

"அடப்பாவி. அது சிடிடா. அதுல ஒண்ணும் தங்காது. ஆஃப் பண்ணுனா எல்லாத்தையும் மறந்துட்டுப் புதுசாப் பொறந்துரும்."

"நீ சொல்லவே இல்லையே!"

"நீ அழியுமான்னுதான கேட்ட? தங்குமான்னு கேட்டியா?"

பொட்டு வைத்துக் காத்த வாசல் வழியாக எதுவும் போகவில்லை. நானே திறந்துவைத்த வாசல் வழியாகத்தான் எல்லாம் போயிருந்தது. ஐந்து மணிக்கு மேல் பிரஸ் மூன்று நாள் விடுமுறை. மாப்பிள்ளை வந்து இறங்கும்போது அழைப்பிதழ் தயாராக இருக்க வேண்டும். மறுபடி வல்லத்திராக்கோட்டைக்குப் போன் போட்டால் மறுபடி ஆறு மணி நேரம், போதாததற்குப் புதுச் சண்டை. செல்வியிடம் மூச்சு விடவில்லை. பிரஸ்ஸுக்கு ஓடி, கண்ணை மூடிக்கொண்டு நான் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல அங்கிருந்த பெண் அடித்தாள். சித்தப்பா பெயரைத்தான் முதலில் சொன்னேன். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் நடுவில், "குளத்தூர் ராமையா, குளத்தூர் ராமையா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அடித்து முடித்த தாளில் அந்தப் பெயரைத் தேடினேன். இருந்தது. எழுத்தெழுத்தாகப் படித்தேன். இனிஷியலும் சரி. வேறு எதையும் பார்க்காமல் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

மாப்பிள்ளை வந்த அன்றே அழைப்பிதழ்க் கட்டைப் பிரஸ்ஸில் வாங்கி, பிரித்த கையோடு கோயிலில் ஒன்றை வைத்துவிட்டு, நான், செல்வி, மாப்பிள்ளை மூவரும் நேரே குளத்தூர் போனோம். முதல் அழைப்பு சித்தப்பாவுக்குத்தான்.

தட்டை வாங்கினாரே தவிர, உட்காருங்கள் என்று சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து படித்தார். தாத்தா, ராமையா. அவர் முகம் கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. செல்வி என் கையை அழுத்தினாள். அவர் விரல் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"ஏப்பா முருகேசா. தாய்மாமன், குளத்தூர் ராமையான்னு போட்டுருக்கு?"

செல்வி எட்டிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். பிரஸ்காரப் பெண் தாய்மாமன் யார் என்று கேட்ட நேரத்தில் நான் என்ன முணுமுணுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பெயர் அழைப்பிதழிலேயே இல்லை. ஆறு வருஷப் பகை இனி அறுபது வருஷம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"சித்தப்பா, அது வந்து, லைனக்ஸ் சிடின்னு ஒண்ணு..."

"ஒன் கல்யாணத்துல விட்ட பேரையும் சேத்துப் போட்டுட்டியாக்கும்?"

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். "ஒக்காருங்கத்தா, ஒக்காருங்க மாப்ள. தாத்தனும் நாந்தான், மாமனும் நாந்தான். இவன் யாரு? இவனுக்கு மட்டும் எலை கெடையாது."

காதுகுத்தன்று முதல் பஸ்ஸில் வந்தார். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒரு கணம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்தார். நிலா என் மடியில் உட்கார்ந்து வீரிட்டு அழுதபோது, அப்பா நின்றிருக்க வேண்டிய இடத்தில் நின்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கொரு தரம், "பத்திரிகைப்படி எம் மடிதான்," என்று பந்திவரைக்கும் கேட்கும்படி சொன்னார்.

நிலா இப்போது பத்தாவது படிக்கிறாள். பொங்கலுக்கு நான் சீர் வாங்கிக்கொண்டு போவதற்குள், குளத்தூரிலிருந்து ஒரு கட்டுக் கரும்பும் பாவாடை தாவணியும் வந்து இறங்கிவிடும். வேண்டாம் என்றால் சித்தப்பா கேட்கமாட்டார். பைக்குள்ளிருந்து, நான்காக மடித்து மடிப்பில் கிழிந்துபோன அந்த அழைப்பிதழை எடுத்துக் காட்டுவார்.

போன பொங்கலுக்கு நான் தட்டோடு படியேறியபோது, அவரும் நிலாவும் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, தள்ளி ஒக்காருங்க," என்றாள் நிலா அவரிடம். "தாத்தா வாராரு."