பாய்லர் பார்க்கும் நேரம்

தண்ணீர் விஷயத்தில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல மாட்டார்கள். படிப்பு, அரசியல், கடவுள் என்று எதில் வேண்டுமானாலும் ஒருவன் தெரியாது என்று ஒத்துக்கொள்வான். குழாயில் ஏன் தண்ணீர் சரியாக வரவில்லை என்று கேட்டால் மட்டும், குடித்துக்கொண்டிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவான். நானும் அப்படி எழுந்து போனவன்தான். என்ன, நான் எழுந்து போன குழாய் இங்கிலாந்தில் இருந்தது.

சுருளிப்பட்டியில் எனக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். என் மனைவி செல்வி கோம்பைக்காரி, நர்சிங் படித்தவள். இரண்டு வெள்ளாமை தொடர்ந்து மழையில் பழம் வெடித்துப் போனபோது, அவள் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். குடும்பத்தைக் கூட்டிப்போக அனுமதி இல்லாத வேலை. “ரெண்டு வருசந்தான மாமா, கண்ண மூடித் தெறக்கிறதுக்குள்ள ஓடிரும்” என்றாள். நானும் பல தடவை கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். ஓடவில்லை.

முதலில் மணிக்கணக்காகப் பேசினோம். பிறகு அவளுக்கு டியூட்டி, எனக்கு மருந்தடிப்பு என்று பேச்சு சுருங்கியது.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். நீங்க?”

“ஆச்சு.”

“என்ன கொழம்பு?”

“புளிக்கொழம்பு.”

அவ்வளவுதான். (ஓட்டலில் சர்வரிடம்கூட இதைவிட அதிகமாகப் பேசுவேன்.) ஊரில் இருந்தவரை ஊறுகாய்ப் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட என்னைக் கூப்பிட்டவள், அங்கே பஸ், பேங்க், பனி எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டாள். அவளுக்கு இனி நான் எதற்கும் தேவையில்லையோ என்பதுதான் என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்படி இருக்கையில் ஒருநாள் உச்சிப்பொழுதில் போன் வந்தது. அவளுக்கு அப்போதுதான் விடியும் நேரம்.

“மாமா, இங்கன குளிக்கிற தண்ணி ஒரு நிமிசம் கொதிக்குது, அடுத்த நிமிசம் ஐசாக் கொட்டுது. ஒழுங்காக் குளிச்சு ஒரு வாரமாச்சு.”

படம் காட்டினாள். சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. காம்பி பாய்லராம். சுடுதண்ணீர்த் தொட்டி எதுவும் கிடையாது. குழாயைத் திறந்தால் பெட்டிக்குள் கேஸ் பற்றி, ஓடுகிற தண்ணீரை அப்போதைக்கப்போது சூடாக்கி அனுப்பும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைப்பதும் அதே பெட்டிதான்.

“ஹவுஸ் ஓனர்ட்ட சொல்லிரவா?” என்று கேட்டாள்.

“அப்ப நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன். இப்படி ஒரு வசனம் பேச வாய்ப்புக் கிடைத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு பாய்லர் வைத்தியம். அதற்காக மோட்டார் ரூம் சுவரில் கண்ணாடி மாட்டி, தலைசீவி, மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குமிழைத் திருப்பச் சொல்வேன். அவளோடு தங்கியிருந்த குமுளிப் பெண் லிஜியை அடுப்படிக் குழாயைத் திறந்து மூடச் சொல்வேன். ஒன்றும் சரியாகவில்லை. ஆனால் நடுநடுவே வேறு பேச்செல்லாம் வந்தது. அங்கே ஒரு கிழவி இவளைத் தன் மகள் என்று நினைத்துக்கொண்டு கையை விட மறுப்பதையும், தலையணையில் முகம் வைத்தால் நம் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியின் வாசம் தேடுவதையும் குமிழைத் திருப்பிக்கொண்டேதான் சொன்னாள். நான் பெட்டியையே உற்றுப் பார்ப்பது போல இருந்தேன்.

பாய்லர் அப்படியே கெட்டுக் கிடக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டது உண்மை. ஆனால் கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்க வேண்டுமே. அங்கேதான் சனி பிடித்தது.

பெட்டிக்கு அடியில் ஒரு பிரஷர் மீட்டர் இருந்தது. முள் ஒன்றுக்குப் பக்கத்தில் நின்றது. என் தோட்டத்துச் சொட்டுநீர் பில்டரிலும் இதே மாதிரி மீட்டர்தான். அதில் ஒன்று காட்டினால் கடைசிக் கொடிக்குத் தண்ணீர் எட்டாது.

“கண்டுபிடிச்சிட்டேன்” என்றேன். “பிரஷர் பத்தல. அடியில வெள்ளிக் கலர்ல ஓஸ் பைப்பு இருக்கு பாரு, அதுல ரெண்டு வால்வு இருக்கும். ரெண்டையும் தெற.”

செல்வி பாதிக் குளியலில் வந்து நின்றாள். தலை முழுக்க ஷாம்பு நுரை, நைட்டி மேல் கம்பளிக் கோட்டு. “தெறந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?”

“நான் சொல்ற வரைக்கும் அடைக்காத.”

இங்கே எங்கள் தோட்டத்துச் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் திருப்பும்போது வால்வு பக்கம் ஒருவர், கடைசி வரிசையில் ஒருவர் நிற்பார்கள். கடைசியில் நிற்பவர் குரல் கொடுக்கும்வரை வால்வுக்காரர் கையை வைக்கக் கூடாது. தானாக யோசித்து அடைத்தவர்கள் ஊர் முழுக்க வசவு வாங்கியிருக்கிறார்கள். கோம்பையில் அப்பாவின் தோட்டத்தில் வால்வு பக்கம் நின்று வளர்ந்தவள் செல்வி.

திறந்தாள். முள் ஒன்றரைக்கு வந்தது. இரண்டு. “போதும், அடை” என்று நான் சொன்னபோது போனில் டவர் போயிற்று. மலையடிவாரத்தில் இது வழக்கம்தான். அங்கே அவள் திரையில் நான் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றிருக்கிறேன். லிஜி பதறி, “சேச்சி, மூணு தாண்டிப் போச்சு, அடைங்க” என்றிருக்கிறாள்.

“அவுக இன்னும் சொல்லலையே” என்றிருக்கிறாள் என் தர்மபத்தினி.

நான் டவருக்காகத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, போனைத் தூக்கிப் பிடித்து, “அடை, அடை” என்று கத்திக்கொண்டிருந்தேன். படம் திரும்ப வந்தபோது திரையில் செல்வி இல்லை. கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரத் தாத்தா இருந்தார். தலையிலிருந்து கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வெயிலுக்குக் கட்டிய தலைப்பாகையும் மீசையுமாக ஒருவன் தன் முகத்துக்கு நேரே கத்துவதைக் கண்டு அவர் ஓரடி பின்னால் போனார்.

பிரஷர் எல்லை மீறினால், வீட்டைச் சூடாக்கச் சுற்றிச் சுற்றிக் கறுத்துப்போன தண்ணீரைச் சுவருக்கு வெளியே கக்கிவிட அந்தப் பெட்டியில் ஒரு வால்வு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அது கக்குகிற இடத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தா குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்து நனைந்து, கதவைத் தட்டியதுதான் கணக்கில் சேரவில்லை.

“மாமா, போன வைங்க” என்றாள் செல்வி. “தாத்தா நடுங்கிப் போய் நிக்கிறாக.”

கக்கிய வால்வு திரும்ப மூடிக்கொள்ளவில்லை. பாய்லர் அணைந்தது. மெக்கானிக் வரும்வரை இரண்டு பெண்களும் இருக்கிற ஸ்வெட்டரையெல்லாம் போட்டுக்கொண்டு ஒரே கட்டிலில் சுருண்டு கிடந்தார்கள். வந்த மெக்கானிக் வால்வை மாற்றிவிட்டு, இதில் கைவைத்தது யார் என்று கேட்டாராம். லிஜி, “ஹஸ்பெண்ட். இந்தியாவுல இருக்காரு” என்றதும், அவர் சுவருக்குள் யாராவது இருக்கிறார்களா என்பது போலச் சுற்றிப் பார்த்தாராம்.

அதன் பிறகு பன்னிரண்டு மணிக்குப் போன் வரவில்லை. நானாகப் போட்டால் “டியூட்டி” என்று ஒரு சொல். தலைசீவி உட்கார்ந்து, மோட்டார் சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுந்து போவேன். கண்ணாடியில் என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பக்கத்தில் இருக்கும்போது சண்டை போட்டால் பாத்திரச் சத்தத்திலாவது அவள் மனசு தெரியும். அவ்வளவு தூரத்துக் கோபத்தில் ஒரு சத்தமும் கேட்காது. அவள் இல்லாத வீடு எவ்வளவு பெரியது என்பது அந்த நாட்களில்தான் உறைத்தது.

ஒரு வழியாகப் போன் வந்தது.

“தண்ணி சரியாயிருச்சு மாமா. ஷவர் பூவாளியக் கழட்டிப் பாத்தேன். ஓட்டையெல்லாம் வெள்ளையா உப்பு அடைச்சிருந்துச்சு, நம்ம தோட்டத்துச் சொட்டுநீர் ட்ரிப்பர் மாதிரியே. வினிகர்ல ஊறப்போட்டுத் தேச்சேன். இப்ப ஒரே சூடா வருது.”

தண்ணீர் கொஞ்சமாகப் போனால், யாரும் குளிக்கவில்லை என்று நினைத்து அந்தப் பெட்டி நெருப்பை அணைத்துவிடுமாம், பிறகு பற்றவைக்குமாம். அதுதான் சூடும் குளிரும். அந்த மாதம் முழுக்க உப்பு அடைத்த ட்ரிப்பர்களை ஆசிட்டில் கழுவிக்கொண்டிருந்தவன் நான். நகமெல்லாம் வெளுத்த கையில் போனைப் பிடித்துக்கொண்டுதான் பிரஷர் பத்தலை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

“நல்லதுத்தா” என்றேன். ஒரு குழாய் சரியானதற்கு இவ்வளவு வருத்தப்பட்ட ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இனி என்ன குழம்பு என்றுதானே கேட்கப்போகிறாள்?

மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது.

“மாமா, பாய்லர்ல என்னமோ சத்தம் வருது. கேட்டுச் சொல்லுங்க.”

போனைப் பெட்டியருகே பிடித்தாள். காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். நல்ல பெட்டி போடுகிற நல்ல சத்தம். அதற்கு இந்தப் பக்கம் அவள் மூச்சு.

“கேக்குதா?”

“கேக்குது” என்றேன். “ஒரு நாள்ல சொல்ல முடியாது. நாளைக்கும் போடு.”

இதை லிஜி சொல்லி, செல்வி சொல்லி, கம்பம் வரைக்கும் பரவிவிட்டது. மதியம் என்னைத் தேடி யார் வந்தாலும் அம்மா, “அவென் பாய்லரு பாத்துக்கிட்டிருக்கான், செத்த நேரங்கழிச்சு வாங்க” என்று திருப்பி அனுப்பிவிடும். புதிதாகக் கல்யாணமானவர்கள் போனோடு ஒதுங்கினால், “என்னப்பா, பாய்லர் ரிப்பேரா?” என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு வருடம் முடிந்து, ஒப்பந்தம் நீண்டு, செல்வி ஒருமுறை லீவில் வந்து போனாள். விமான நிலையத்தில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “போய் எறங்குனதும் பாய்லர் எப்படியிருக்குன்னு சொல்லிரு ஆத்தா” என்றது. சிரித்துக்கொண்டே அழுதது நான் மட்டுமல்ல.

இப்போது அவள் வேறு வீட்டுக்கு மாறிவிட்டாள். அங்கே எல்லாம் கரண்டு ஹீட்டர், பாய்லரே கிடையாது. பன்னிரண்டு மணிக்குப் போன் அடிக்கிறது. “மாமா, பாய்லர் சத்தம் போடுது” என்கிறாள். “இந்தா வந்துட்டேன்” என்று நான் தொட்டி மேல் ஏறுகிறேன். அங்கேதான் டவர் நன்றாகக் கிடைக்கும்.