வெயிலில் பார்த்து வாங்கிய டிவி

ஜூன் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வானம் தெளிவு. எழுந்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். பால் காய்ச்சி, அப்பாவின் அறைக் கதவைத் தட்டிக் காபி கொடுத்தேன். வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டு, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை வரிசையாக மாட்டினேன். என் டைரியில் எல்லா ஞாயிறுகளும் இப்படித்தான் தொடங்குகின்றன. அன்றைய பக்கத்தில் இதற்குமேல் இருப்பதெல்லாம் வெயில் அக்காதான்.

காஞ்சிபுரத்தில் சூரியனைச் சொந்த வேலைக்கு வைத்துக்கொண்ட ஒரே ஆள் வெயில் அக்கா. மற்றவர்களுக்கு வெயில் என்றால் வடகம் காயும், துணி காயும். அக்காவுக்கு அது கோர்ட். எதையும் வெயிலில் நிறுத்தி விசாரித்த பிறகுதான் தீர்ப்பு. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அவருடைய உண்மைப் பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். தெருவுக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பட்டு எடுக்க அக்கா கூட வருவார். கடைக்குள் எரியும் விளக்கை நம்பமாட்டார். "லைட்டு கடைக்காரன் போட்டதுப்பா. அவன் பக்கம்தான் பேசும்" என்பார். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகத் தெருவுக்கு நடப்பார். பின்னாலேயே கடைச் சிப்பந்திகள் ஓடுவார்கள். ஒருமுறை நிழல் படாத இடம் தேடித் தேடிக் காந்தி ரோட்டின் நடுவுக்கே போய்விட்டார். வாலாஜாபாத் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா திரும்பி, "இரு நைனா. இதுவா, அந்த அரக்குக் கலரா? நீயே சொல்லு" என்றார். டிரைவர் எட்டிப் பார்த்து, "அரக்கே எடுத்துக்கம்மா" என்றார். அரக்குதான் எடுத்தார்கள்.

புடவையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை முசரவாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா மெதுவாகச் சொன்னார்: "மாப்பிள்ளையக் கொஞ்சம் வாசலுக்கு வரச் சொல்லுங்க." மாப்பிள்ளை தட்டோடு வந்தார். வெயில் பட்டதும் அவருடைய கருகரு முடி கத்திரிப்பூ நிறத்தில் மின்னியது. அத்தனையும் சாயம். கல்யாணம் நின்றுவிடவில்லை. சாயம்தான் நின்றது. நரைத்த தலையோடு அவர் இப்போது இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறார்.

அக்காவால் அதிகம் அடிபட்டவர் என் அப்பா. ஓய்வு பெறும்வரை காந்தி ரோட்டில் ஒரு பெரிய பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டுவது அவர் வேலை. அப்பா வாடாமல்லி என்று ஒன்றை விரிப்பார். அக்கா அதை வெயிலுக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்து, "கடைக்காரரே, இது கத்திரிப்பூ" என்பார். அன்று இரவு அப்பாவுக்குச் சோறு இறங்காது. "அந்த வெயில் இன்னைக்கும் வந்துச்சு" என்று அம்மாவிடம் சொல்வார். "சரி, இன்னா கலருதான் அது?" என்று அம்மா கேட்பார். அப்பா தட்டைப் பார்த்தபடியே, "கத்திரிப்பூதான்" என்பார். நிறத்தில் அக்கா ஒருமுறைகூடத் தவறியதில்லை.

போன கார்த்திகையில் அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு அப்பா பின் அறையைவிட்டு வெளியே வருவது சாப்பிடவும் குளிக்கவும் மட்டும்தான். கதவைச் சாத்திக்கொண்டு செல்போனை இரண்டு கையாலும் முகத்தருகே பிடித்துப் பழைய பாட்டுப் பார்ப்பார். எது கேட்டாலும் பதில் "ம்". ஹாலில் அம்மா உட்காரும் நாற்காலிக்கு எதிரே உட்கார அவரால் முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படிப்பட்ட நேரங்களில் நான் அளவெடுக்கத் தொடங்கிவிடுவேன்.

பெரிய டிவி ஒன்று வாங்கி ஹாலில் மாட்டினால் அப்பா வெளியே வந்து எங்களோடு உட்காருவார் என்பது என் திட்டம். நான் ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. சோபாவிலிருந்து சுவர்வரை டேப் வைத்து அளந்தேன். அறுபத்தைந்து இஞ்ச் அளவுக்குப் பழைய செய்தித்தாள்களை ஒட்டிச் சுவரில் மாட்டி ஒரு வாரம் பார்த்தேன். உட்கார்ந்தால் கண் மட்டம் எங்கே வருகிறது, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்றெல்லாம் யோசித்தேன். "இந்தப் பேப்பரே நல்லாத்தான் இருக்குது. படிக்கவும் ஆவுது" என்றாள் என் மனைவி சுமதி.

அந்த ஞாயிறு நாங்கள் இருவரும் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் அக்கா.

"எங்கப்பா சேகரு, டேப்பெல்லாம் எடுத்துக்கினு?"

"டிவி வாங்கக்கா" என்று சுமதி சொல்லிவிட்டாள். நான் கண் காட்டியது பலிக்கவில்லை. ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்தவர் அக்காதான்.

கடைக்குள் பாதி இருட்டு. சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே பஞ்சவர்ணக்கிளி பறந்தது. கழுத்தில் அடையாள அட்டை போட்ட இளைஞர் ஒருவர் வந்து, "வாங்க ஆன்ட்டி" என்றார்.

"அக்கான்னு சொல்லு."

"அக்கா, இது டாப் மாடல். ஓஎல்இடி. பிளாக் அவ்ளோ பக்காவா இருக்கும்."

"கறுப்பு எதுக்குப்பா? நல்ல காரியத்துக்கு யாராவது கறுப்பு எடுப்பாங்களா?"

"இல்லக்கா, இருட்டு சீன்ல..."

"பார்டர் எங்க?"

"பார்டரே கிடையாதுக்கா! அதான் இதுல ஸ்பெஷல்."

அக்கா என்னைப் பார்த்தார். ஏமாந்து நிற்கும் குடும்பத்தைப் பார்க்கும் பார்வை. "பார்டர் இல்லாததுக்கு இவ்ளோ வெலயாப்பா? சரி, கலரு தூக்கலா இருக்குது. சாயம் போவுமா?"

"மூணு வருஷம் வாரண்டி இருக்குதுக்கா."

"அப்ப மூணு வருஷத்துல போவும்" என்று சுமதியிடம் சொன்னார் அக்கா. பிறகு, நான் பயந்துகொண்டிருந்த வார்த்தையைச் சொன்னார்: "வாசலுக்கு எடுத்துக்கினு வா."

இளைஞர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்து அக்காவைப் பார்த்தார். அவருடைய தங்கை கல்யாணத்துக்கும் பட்டு எடுத்தது அக்காதானாம். உடனே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவரச் சொன்னார்.

இரண்டு ஆட்கள் அந்த அறுபத்தைந்து இஞ்சை மணமகளை அழைத்து வருவதுபோல் நடத்தி வந்து படியில் ஒரு மேசைமேல் நிறுத்தினார்கள். கூட்டம் கூடிவிட்டது. இளநீர்க்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார். டிவியைப் போட்டார்கள். கிளி எங்கேயோ மறைந்துவிட்டது. வெயிலில் அந்தத் திரை முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிட்டது. எதிர்க் கடை, நின்றிருந்த ஆட்டோ, இளநீர்க்காரர், டேப்பும் கையுமாக நான், எல்லாம் அதில் தெரிந்தன. அக்கா குனிந்து கொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நம்மளத்தான் காட்டுது. இதுக்கு இன்னாத்துக்கு கரண்டு?"

"வெளிய அப்டித்தான்கா இருக்கும். வீட்ல ஜன்னலுக்கு ஸ்கிரீன் போட்டுக்கினா சூப்பரா தெரியும்."

"இவன் ஹால்ல காலைல நல்லா வெயிலு வரும்பா."

அது உண்மை. கிழக்கு ஜன்னலை என் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஆனாலும் நான் போட்டுவைத்திருந்த ஒப்பீட்டு அட்டவணையில் மற்ற எல்லாக் கட்டத்திலும் அந்த மாடல்தான் முதலில் வந்திருந்தது. அதையே எடுத்தேன். வரும் வழியில் கெட்டியான திரைச்சீலை ஒன்றும் வாங்கினேன்.

மதியமே டிவி வந்து மாட்டியாகிவிட்டது. நான் மட்டம் வைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். ஜன்னலை மூடித் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். படம் தெளிவாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். வந்தார். கதவருகிலேயே நின்று பார்த்தார். "நல்லாருக்குது" என்றார். திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நானும் சுமதியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய திரையில் யாரோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லா அளவும் சரியாக எடுத்தும் ஒன்றும் பொருந்தவில்லையே என்று ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மாலைச் செய்தி நேரத்தில் அக்கா வந்தார். யாரும் உட்காராமலிருந்த அம்மாவின் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா பின் அறைக் கதவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரையை. செய்தி வாசித்த பெண் பட்டுப் புடவை கட்டியிருந்தாள்.

"சேகரு, சத்தம் கம்மி பண்ணு" என்றவர், தன் சத்தத்தைக் கூட்டினார். "சுமதி, பாத்தியா! அந்தப் பொண்ணு கத்திரிப்பூ கலரு கட்டிக்கினு இருக்குது. அசல் கத்திரிப்பூ!"

பின் அறையில் பாட்டு நின்றது.

"இல்லக்கா, கொஞ்சம் சிவப்பு..." என்று சுமதி தொடங்கினாள்.

"உனுக்கு இன்னாம்மா தெரியும்? கத்திரிப்பூ!"

கதவு திறந்தது. "வாடாமல்லி!" என்றார் அப்பா. பல மாதங்களுக்குப் பிறகு அவர் குரல் உயர்ந்தது.

"அட, கடைக்காரரு வந்துட்டாரு. கத்திரிப்பூங்க அது."

"யாரு கிட்ட சொல்றீங்க? ஆயுசு பூரா விரிச்சுப் போட்டவன்மா நான். வாடாமல்லி!" அப்பா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அடுத்து விளம்பரத்தில் வந்த பச்சை கிளிப்பச்சையா இலைப்பச்சையா என்று சண்டை. பிறகு ஒரு மந்திரி போட்டிருந்த துண்டு. அப்பா ஒவ்வொன்றிலும் ஜெயித்தார். சுமதி தோசை வார்த்துக் கொண்டுவந்தாள். அப்பா நான்கு சாப்பிட்டார்.

"காலைல வெயிலு வந்ததும் வரேன். அப்ப பாத்துக்கலாம்" என்று அக்கா எழுந்தார். அவருக்குக் கேட்காதபடி சத்தமில்லாமல் அப்பா சிரித்தார். "அந்தம்மாவுக்குக் கண்ணு போச்சுடா" என்றார் என்னிடம், அத்தனை சந்தோஷமாக.

நான் வாசல்வரை போனேன். "அக்கா, அது வாடாமல்லின்னு உங்களுக்கா தெரியாது?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எனுக்கு இன்னாப்பா தெரியும்? கடைக்காரரே சொல்லிட்டாரே."

ஜூன் ஒன்பது, திங்கள். மோட்டார் போட எழுந்து வந்தேன். எனக்கு முன்னால் அப்பா எழுந்துவிட்டிருந்தார். நான் வாங்கிய கெட்டித் திரைச்சீலையை முழுதாக ஒதுக்கி, கிழக்கு ஜன்னலை விரியத் திறந்துவைத்து, டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மாவின் நாற்காலி காலியாகப் போடப்பட்டிருந்தது. வெயில் நேராகத் திரைமேல் விழுந்தது. செய்தி ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் படம் எதுவும் தெரியவில்லை. ஹாலில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் அதில் தெளிவாகத் தெரிந்தார். மோட்டாரை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, முதல் வேலையாக அக்காவுக்கும் சேர்த்துப் பால் வைத்தேன்.