கடவுச்சொல்லில் ஒற்று மிகும்

"இன்னும் கொஞ்சம் மேலே தூக்கு" என்று உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தார் பிழைதிருத்துநர்.

அவர் மனைவி ஏற்கெனவே ஸ்டூல் மேல் ஏறி, வை-ஃபை பெட்டியைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் ஏந்தி நின்றுகொண்டிருந்தாள். கண் மருத்துவமனையில் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்த நர்ஸ் அவள். இன்னும் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"இதுக்கு மேலன்னா மாடி வீட்டுக்காரங்க கையை நீட்டி வாங்கிக்கணும்" என்றாள்.

மனிதர் இந்தப் பாடு படுவதற்குக் காரணம் இருந்தது. பதினாறு வருஷமாக ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறார். மருந்துச் சீட்டு, பேருந்து அட்டவணை, மிக்ஸி உத்தரவாத அட்டை, இவைதான் அவர் கண்ட இலக்கியம். 'இரவில் ஒரு மாத்திரை' என்பது 'இரவில் ஒரு யாத்திரை' என்று அச்சுக்குப் போகவிருந்தபோது பாய்ந்து தடுத்தவர் அவர்தான். நோயாளிகள் யாரும் நன்றி சொல்லவில்லை.

இப்போது ஓர் அகராதி நிறுவனம் தலைமைப் பிழைதிருத்துநர் வேண்டும் என்று அறிவித்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை. அனுபவம் கட்டாயமில்லை, சொல்வதைப் பிழையில்லாமல் எழுதினால் போதும் என்று போட்டிருந்தார்கள். நேர்காணல் வியாழக்கிழமை நான்கு மணிக்கு, வீடியோவில். அந்த வேலையின் மேல் மனிதர் உயிரையே வைத்திருந்தார். கிடைக்காவிட்டால் மீதி ஆயுசும் மிக்ஸிதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். கல்லூரியில் படிக்கும் மகள் கூடத்தில் உட்கார்ந்து நிறுவனத்தாராக நடித்தாள். உள்ளறையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்த அப்பா, இரண்டாவது கேள்வியிலேயே திரையில் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார்.

"அப்பா, நீங்க கொட்டாவி விடும்போது நின்னுட்டீங்க."

"கொட்டாவி இல்ல. 'ஆய்தம்'னு சொல்லிட்டிருந்தேன்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. முதலில் பெட்டி ஃபிரிட்ஜ் மேல் போனது. அங்கே ஃபிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் நெட் படுத்துக்கொண்டது. பிறகு ஜன்னலுக்குப் போனது. ஜன்னலிலிருந்து மனைவியின் தலைக்குப் போனது. கடைசியில் குளியலறையில் வைத்தபோது மட்டும் எல்லாக் கோடுகளும் நிமிர்ந்து நின்றன. அகராதிக்காரர்கள் முன்னால் பின்னணியில் வாளி தெரிய உட்காருவதா என்று அவர் ஒரு மணி நேரம் யோசித்தார். வாளியை மறைக்கப் போர்வை கட்டலாம் என்றார். அந்த நேரத்தில் யாரும் குளிக்கக்கூடாது என்றார். நீங்க வெளியே வாங்க முதல்ல என்று மனைவி கதவைத் தட்டினாள்.

அலுமினியத் தாளைப் பெட்டிக்குப் பின்னால் நிறுத்தினால் அலை ஒரே பக்கமாகப் பாயும் என்று மகள் எங்கோ படித்திருந்தாள். அவர் சமையலறையிலிருந்து ஒரு சுருளை எடுத்து, முறம் மாதிரி வளைத்து நிறுத்தினார். அலை பாயத்தான் செய்தது, ஆனால் உள்ளறைப் பக்கம் இல்லை. வாசல் கதவைத் தாண்டி எதிர்வீட்டுப் பக்கம். திங்கட்கிழமை பெட்டிக்குள் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று மகள் எடுத்துக் காட்டியபோது பட்டியலில் ஐந்து பேர் இருந்தார்கள். வீட்டில் இருப்பதோ ஒரு கணினியும் மூன்று போன்களும்.

"அஞ்சாவது யாரு?" என்றார்.

யாரோ நம் நெட்டை உறிஞ்சுகிறார்கள் என்றாள் மகள். கடவுச்சொல் இன்னும் கம்பெனிக்காரன் கொடுத்த ஒன்று-இரண்டு-மூன்றுதான் என்றும் சொன்னாள். பிழைதிருத்துநருக்கு ரத்தம் கொதித்தது. சிக்னலுக்காகத் தெருமுனைக்குப் போய் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, இருபது நிமிஷம் சங்கீதம் கேட்டு, ஒரு பெண்மணியைப் பிடித்தார். அவள் நல்ல மாதிரியாகவே பேசினாள். உங்கள் குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்த ஏதாவது ஒரு விஷயத்தைக் கடவுச்சொல்லாக வையுங்கள் சார் என்றாள்.

என் குடும்பத்துக்கு மட்டுமே தெரிந்தது எது? அவருக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை. சந்தி.

இந்தத் தெருவில் எவனுக்கு ஒற்றுப் போடத் தெரியும்? கடைப் பலகைகளைப் பார்த்தாலே வயிறு எரியும். ஆகவே வலையின் பெயரையே கேள்வியாக வைத்தார்: 'பூ+செடி'. சேர்த்து எழுதினால் பூச்செடி. அதுதான் கடவுச்சொல். ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்று பெட்டி அடம்பிடித்ததால் அதற்கும் விதி வகுத்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்று வந்தால் ஒற்று.

"அப்பா, கேள்வியை ஊருக்கே போட்டுக் காட்டுறீங்களே" என்றாள் மகள்.

"கேள்வி தெரிஞ்சா ஆச்சா? பதில் தெரியணுமே. ஒற்று தெரிஞ்சவன் திருட மாட்டான்."

வெறும் விடையைச் சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று அதையும் சொல்ல மறுத்தார். மனைவி நடுவில் இடம் விட்டு அடித்தாள், ஒற்றை முழுங்கி அடித்தாள், பூவை மொட்டாகக் குறுக்கி அடித்தாள். நெட் திறக்கவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் போன் சிக்னலும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் மருத்துவமனைச் செய்திகளைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் தெருமுனைக்கு நடந்தாள். மகள் அசைன்மென்ட்டை அனுப்பத் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் யாருக்கும் நெட் இல்லாததால் வேகம் அருமையாக இருந்தது. அவர் பூரித்துப்போய்ப் பட்டியலைத் திறந்து பார்த்தார். இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அவர். இன்னொருவன் அவன்.

"பூச்செடி சுலபமாப் போச்சு" என்று பல்லைக் கடித்தார்.

செவ்வாய்க்கிழமை 'கல்+சிலை' என்று மாற்றினார். லகரம் றகரமாகத் திரிந்து கற்சிலை ஆகும், அதெல்லாம் அந்தத் தடியனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தார். அன்று மத்தியானம்வரை அவர் மட்டுமே இருந்தார். சாயங்காலம் நாலரைக்கு அவன் வந்து சேர்ந்தான்.

படியிறங்கும்போது எதிர்வீட்டு டிரைவிங் மாஸ்டர் எதிரே வந்தார். பதினெட்டு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பள்ளியை மூடிவிட்டதால் இப்போது வீட்டோடு இருக்கிறார், பரம சாது. பிழைதிருத்துநர் மனசு தாங்காமல் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினார். வியாழன் நான்கு மணி, அகராதி, அனுபவம்கூடக் கேட்காத நல்ல நிறுவனம், நெட் கழுத்தறுப்பு, எல்லாம்தான். திருடனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, மானம் போகும் விஷயமாயிற்றே.

மாஸ்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். புதன்கிழமை காலையில் அவராகவே கதவைத் தட்டினார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். முள்ளும் செடியும் சேர்ந்தா முள்செடின்னு எழுதலாமா?"

பிழைதிருத்துநருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கட்டடத்தில் ஓர் ஆள், தானாகத் தேடி வந்து, ளகரத்தைப் பற்றிக் கேட்கிறார். பேச்சில் சரி, எழுத்தில் வரும்போது ளகரம் டகரமாகும், முட்செடி என்று எழுதுவதுதான் அழகு என்று வாசலில் நிற்க வைத்தே அரை மணி நேரம் விளக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று நெடில், குறில், ஆங்கிலத்தில் எழுதும் முறை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்தார். மாஸ்டர் உள்ளங்கையில் குறித்துக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

உள்ளே வந்து உட்கார்ந்த பிழைதிருத்துநர் பட்டியலைப் பார்த்தார். அவன் இருந்தான். அன்றைய கேள்வி 'முள்+செடி'.

"பயங்கரமான ஆளா இருக்கான். அதுக்குள்ள எப்படிக் கண்டுபிடிச்சான்னே தெரியல" என்றார் மனைவியிடம்.

வாசல்ல நின்னு ஊருக்கே பாடம் நடத்தினா என்று அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவர் காதில் வாங்கவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்துவிட்டார். மனைவி விடுப்பு எடுத்திருந்தாள், மகளும் வந்துவிட்டாள். கோபமெல்லாம் கோபம்தான், ஆனாலும் பதினாறு வருஷமாக அவர் மிக்ஸி அட்டையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர்கள் ஆயிற்றே. மூன்றேகாலுக்கு அவர் கடைசியாக ஒரு தடவை பட்டியலைப் பார்த்தார். அவன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான்.

இவனோடு நெட்டைப் பங்கு போட்டுக்கொண்டு நேர்காணலில் மறுபடியும் வாயைப் பிளந்து நிற்பதா? தான் வாழ்நாளெல்லாம் போரிட்ட களத்துக்கே அவனை இழுத்துவிடுவது என்று முடிவு செய்தார். 'எழுத்து+கள்' என்று பெயரை மாற்றினார். அவரைப் பொறுத்தவரை எழுத்துகள்தான் சரி. நடுவில் 'க்' போட்டால் அது குடிக்கிற கள் ஆகிவிடும் என்று பத்திரிகைகளுக்குக் கடிதமே எழுதியவர். கடவுச்சொல்லை இரண்டு தடவை அடித்தார். திரையில் வெறும் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. சேமித்தார். உடனே கணினி, நீ யார் என்று கேட்டது.

அவர் அடித்தார். தவறு என்றது.

நிதானமாக அடித்தார். தவறு.

தகரத்தைக் குறைத்துப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார். மணி மூன்றரை தாண்டி, முக்கால் தாண்டியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"நடுவுல ஒரு 'க்' போட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"என் கை அதைப் போடாது."

"பேசும்போது நீங்களே அப்படித்தானே சொல்றீங்க."

"நாக்கு சொல்லும். கை போடாது."

நான்கு மணி ஆனது. நான்கு பத்து ஆனது. அப்பா ப்ளீஸ், ஒரே ஒரு 'க்' என்று மகள் கெஞ்சினாள். வேலை போனாலும் போகட்டும், கொள்கையை விட மாட்டேன் என்றார். சொன்ன வேகத்தில் குரல் உடைந்தது. அவருக்கு அந்த வேலை வேண்டும். வேண்டும், வேண்டும் என்று வீடு முழுக்கத் தெரியும்.

நான்கு இருபத்தைந்துக்கு மனைவி அவரை நாற்காலியோடு பின்னால் இழுத்தாள். மகள் குனிந்து, 'க்' போட்டு அடித்தாள். நெட் திறந்துகொண்டது.

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு தடவையும் போட்டிருக்கிறது, துரோகி.

அவசரமாக இணைப்பை அழுத்தினார். திரையில் ஒரு பெண் தெரிந்தாள். நிறுவனத்தின் அலுவலக உதவியாளர். பின்னால் நாற்காலிகள் காலியாக இருந்தன, தேநீர்க் கோப்பைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பிழைதிருத்துநர் மூச்சு விடாமல் மன்னிப்புக் கேட்டார். நெட் பிரச்சினை, திருட்டு, சதி, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, ஐந்தே நிமிஷம் கொடுத்தால் போதும் என்றார். ஒரு சொல் கூடப் பிசகாமல் படம் தெளிவாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பெண் பாவம் என்பது போலப் பார்த்தாள்.

"ஆள் எடுத்தாச்சு சார். நேத்துதான் விண்ணப்பம் போட்டாரு, டிரைவிங் மாஸ்டராம், கேட்ட முப்பது சொல்லுல ஒண்ணுகூடத் தப்பில்ல. எங்க படிச்சீங்கன்னு எங்க டைரக்டர் அசந்துபோய்க் கேட்டார். 'எதிர்வீட்டு ஐயா தினமும் ஒரு கேள்வியை வை-ஃபைல போட்டு, சரியா எழுதுறவங்களுக்கு நெட்டையே பரிசா குடுக்கிறாரு, இன்னிக்குப் பரீட்சைதான் கொஞ்சம் கஷ்டம், ஒரு தடவை தப்பாகி ரெண்டாவது தடவைதான் உள்ளே வந்தேன், இப்போ உங்ககிட்ட பேசறதே அதுலதான்'னு சொன்னாரு."