மட்டைக்கு முகம் ஒன்றுதான்

பிள்ளைகளே,

மாவட்டம் பெரிதா, கோட்டம் பெரிதா என்று சின்னவன் நேற்று சாப்பிடும்போது கேட்டான். உங்கள் அம்மா சிரித்துவிட்டாள். நான் ஹாக்கி என்று வாயெடுத்தாலே இந்த வீட்டில் சிரிப்புதான். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது தகப்பன் கடமை.

பள்ளிக்கூட ஹாக்கிக்கு அப்போது நான்கு படி: வட்டம், மாவட்டம், கோட்டம், மாநிலம். வட்டப் போட்டியில் பானைத் தண்ணீர் கொடுப்பார்கள். மாவட்டத்தில் எலுமிச்சை சர்பத். கோட்டத்தில் கோலுக்கு வலையே கட்டியிருப்பார்கள். மாநிலத்தில் என்ன உண்டென்று எனக்குத் தெரியாது. (ஏன் தெரியாது என்பதைத்தான் எழுதுகிறேன்.)

உத்திரமேரூர் வட்டத்தில் ஹாக்கி மட்டை இருந்தது எங்கள் பள்ளியில் மட்டும். மைதானத்தில் போய் நின்றோம், ஜெயித்தோம். காஞ்சிபுரத்தில் மாவட்டப் போட்டி. எங்களை எதிர்த்து ஆட வேண்டிய ஒரே அணிக்கு அம்மை போட்டுவிட்டது. சர்பத்தைக் குடித்தோம், ஜெயித்தோம். பந்தைத் தொடாமல் இரண்டு படி ஏறியதில் எனக்கு நடையே மாறிப்போனது.

கோட்டப் போட்டி மெட்ராஸில். அங்கே நன்றாக ஆடும் பையனை விளையாட்டு விடுதிக்கு எடுத்துக்கொள்வார்கள். தங்க இடம், மூன்று வேளைச் சோறு, மேற்கொண்டு படிப்பு. நைனா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"எடுத்துக்கினா படி. இல்லன்னா ரைஸ் மில்லுல ஆள் கேக்கறாங்கோ."

பயிற்சியில் நாங்கள் குறை வைக்கவில்லை. மட்டை உடைந்துவிடும் என்று தலைமையாசிரியர் அவற்றை பீரோவில் பூட்டிவைத்திருந்தார். போட்டியன்றுதான் வெளியே வரும். நாங்கள் வற்றிய ஏரிக்குள் வளைந்த கருவேலங்கொம்பு வெட்டி ஆடினோம். உருண்டைக் கொம்பு, எந்தப் பக்கத்தாலும் அடிக்கலாம். வலப்பக்கம் போகவேண்டிய பந்தைக் கொம்பைத் திருப்பாமலே விளாசுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. டிரில் மாஸ்டர் கபடிக்காரர். பந்து கோலுக்குள் போனால் சரி என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த மொத்தச் சட்டம்.

மெட்ராஸில் ஆட்டம் தொடங்கியது. அடித்தேன், விசில். மறுபடி அடித்தேன், மறுபடி விசில். உள்ளூர்க்காரர்களுக்காக நடுவர் ஓரவஞ்சனை செய்கிறார் என்று முடிவு கட்டினேன். கோபத்தில் இரண்டு பேரைத் தாண்டி ஓடி, வழக்கம்போல் மட்டையைத் திருப்பாமல் ஒரு விளாசல். பந்து வலைக்குள் விழுந்து நின்றது. (ஏரியில் என்றால் முள்ளுக்குள் போய்த் தேட வேண்டும்.) இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். விடுதிச் சோற்றின் வாசனையே வந்துவிட்டது.

நடுவர் மெதுவாக வந்து என் மட்டையை வாங்கித் தடவிக் காட்டினார். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை.

"தம்பி, இதுக்கு முகம் ஒண்ணுதான். முதுகால அடிச்சா கோல் இல்ல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் முகம் காட்டுவதற்காக அதைச் சுற்றி ஓடினேன். நான் சுற்றி முடிப்பதற்குள் பந்து எங்கள் கோலுக்குள் இருக்கும். எத்தனை கோல் என்று கேட்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர் கூப்பிட்டார். திட்டவில்லை.

"ஓட்டம் நல்லா இருக்குது. ஆனா நீ ஆடறது வேற ஏதோ ஆட்டம்ப்பா."

வீட்டில் நைனா காத்திருந்தார். "இன்னாடா, எடுத்துக்கினாங்களா?"

"இல்ல நைனா. மட்டைக்கு முதுகு கீதாம்."

நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அத்த வட்டத்துலயே சொல்றதுக்கு இன்னா?"

இன்றைக்கும் யாராவது சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்தால், உங்கள் அம்மா "கோல் செல்லாது" என்பது இதனால்தான். சின்னவனே, கோட்டம்தான் பெரிது. ஆனால் நீ மாவட்டத்தில் ஆடித் தோற்றுவிட்டு வந்தாலும் எனக்குச் சந்தோஷமே.

மில் வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், யாரிடமும் சொல்லாமல் ஏரிக்குப் போனேன். என் கருவேலங்கொம்பைத் தேடி எடுத்து, அரிவாளால் ஒரு பக்கத்தை மட்டும் தட்டையாகச் சீவினேன். கையால் தடவிப் பார்த்துவிட்டு, பந்தை வைத்து அந்தப் பக்கத்தால் அடித்தேன். நேராகப் போய் முள்ளுக்குள் விழுந்தது. தேடப் போகவில்லை.