யாரும் கேட்காத பதினான்கு கேள்விகள்

தைரியம் சொல்கிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்கு அவர்களைத் தெரியும். பல் டாக்டரின் அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு நிம்மதியாக இருப்பீர்கள். பக்கத்தில் ஒருவர் வந்து உட்காருவார். உங்கள் கன்னத்தை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு தோளில் கை வைத்து, "பயப்படாதீங்க, வலியே இருக்காது. என் மச்சானுக்குத் தாடை வீங்கினதுகூட மூணே நாள்ல வத்திப்போச்சு" என்பார். அதுவரை தாடை என்று ஒன்று உங்களுக்கு இருப்பதே நினைவில் இல்லை. இப்போது அதைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை.

அவர்தான். அந்த இனம்தான்.

நல்லவர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவர்களாக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம். இவர்களுக்கு நாமே நாற்காலி போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, தண்ணீர் கொடுத்து, வயிற்றைக் கலக்கும் செய்தியை நம் செலவிலேயே கேட்டுக்கொள்கிறோம். இவர்கள் தொலைபேசியில் பேச்சைத் தொடங்கும் விதமே தனி. "உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகலைங்க" என்பதுதான் முதல் வாக்கியம். அவர் காய் வாங்கப் போயிருக்கிறார் என்பதும், கடையில் குடையை மறந்து வைத்துவிட்டார் என்பதும் ஐந்தாவது வாக்கியத்தில்தான் வரும். அதற்குள் இந்தப் பக்கம் ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த இனத்துக்கு ஒரு பிரதிநிதி உண்டு. எதைச் சொன்னாலும் உள்ளங்கையை நம் முகத்துக்கு நேரே உயர்த்திக் காட்டியபடி சொல்வதால் அவருக்கு அபயம் என்று பெயர் வைத்துவிட்டோம். அவருக்கும் தெரியும். பெருமைதான். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். குடிவந்த முதல் வாரம், லிஃப்டில் கூட வந்த இரண்டாம் மாடி அம்மாளிடம், யாரும் எதுவும் கேட்காமலே, "இது அறுந்து விழ வாய்ப்பே இல்லீங்கம்மா. மொத்தம் நாலு கம்பி. மூணு அறுந்தாக்கூட ஒண்ணு தாங்கும்" என்றார். அந்த அம்மாள் அன்றிலிருந்து படியேறித்தான் போகிறார். முழங்கால் வலிக்கு மருந்தும் சாப்பிடுகிறார். "படி ஏறினா முழங்கால் தேஞ்சுடும்னு பயப்படாதீங்க" என்று அதற்கும் அபயம் ஆறுதல் சொல்லியிருக்கிறார்.

தனி மனிதர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். இந்த இனம் ஒன்றுசேர்ந்து அலுவலகமும் நடத்தும், ஒலிபெருக்கி கட்டிய வண்டியும் ஓட்டும். சென்ற மாதம் அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் இரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்தது. ஒன்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டது. மறுநாளே எங்கள் தெருவில் வண்டி வந்தது. "பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம்! பீதி அடைய வேண்டாம்! வதந்திகளை நம்ப வேண்டாம்!" தெருவே ஜன்னலுக்கு வந்தது. என்ன வதந்தி, யார் பீதி அடைந்தது, எதற்கு அச்சப்பட வேண்டாம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. தடுப்பூசி எங்கே, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்ற விவரத்தை வண்டி மூலை திரும்பிய பிறகுதான் சொல்லிற்றாம். மூலை வீட்டுக்காரர் சொன்னார்.

விவரம் இதுதான். வருகிற சனிக்கிழமை காலை சுகாதார நிலைய நர்ஸம்மா எங்கள் குடியிருப்புக்கே வந்து, கீழ்த்தளத்துச் சங்க அறையில் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடுவார். ஊசி போட வேண்டிய குழந்தைகள் இருபத்திரண்டு பேர். சங்கச் செயலாளர் வீடு வீடாகக் கேட்டபோது இருபத்திரண்டு வீட்டிலும் "வர்றோம்" என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு குழந்தை, மூன்றாவது மாடியில் இருக்கும் என் தங்கையின் மகள். ஒன்பது மாதம் முடிந்து பத்து நாள். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். தங்கை வீட்டிலேயே மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். அந்தச் சீருடைக்கு அளவு கொடுக்க வருகிற பிள்ளைகள் எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பாப்பாவோ மெஷின் காலடியில் தவழ்ந்துகொண்டிருக்கிற வயது. இந்த ஊசி எவ்வளவு அவசியம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அபயம் சொன்னார்.

"மக்கள்கிட்ட தயக்கம் இருக்கு சார். அதை நாமதான் போக்கணும்" என்று என்னிடம் புதன்கிழமை காலை சொன்னார். எல்லாரும் வருவதாகச் சொல்லிவிட்டார்களே என்றேன். "வெளியில சொல்லுவாங்க. உள்ளுக்குள்ள இருக்கும்" என்றார். உள்ளுக்குள் இருப்பதை வெளியே எடுக்காமல் விடுவாரா? அன்று மாலையே லிஃப்டுக்குப் பக்கத்தில், காத்திருக்கிறவர்கள் கண்ணில் படாமல் தப்பவே முடியாத இடத்தில், ஒரு பெரிய அறிவிப்பு ஒட்டினார். தலைப்பு: உண்மை அறிவோம்! அதற்குக் கீழே பதினான்கு கேள்விகள். தடுப்பூசி போட்டால் குழந்தைக்குக் கை கால் விளங்காமல் போகுமா? மூளை வளர்ச்சி நின்றுவிடுமா? பேச்சு வராமல் போகுமா? பிற்காலத்தில் பிள்ளை பிறக்காதா? எல்லாம் சிவப்பு மையில், கட்டை விரல் பருமனுக்கு எழுத்து. ஒவ்வொன்றுக்கும் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல் "இல்லை" என்று பதில்.

பதில் ஏன் இத்தனை சிறிதாக இருக்கிறது என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் ஒரே பதில்தானே சார்? ஒரு தாள்ல அடங்கணுமே."

இந்தப் பதினான்கில் எங்கள் கட்டடத்துக்கு ஏற்கெனவே தெரிந்தது ஒன்றோ இரண்டோதான். மீதியை அவர் மூன்று நாள் கண் விழித்து இணையத்தில் தேடிப் பிடித்திருந்தார். ஊர் உலகத்தில் எங்கோ யாரோ கிளப்பிவிட்ட புரளியை எல்லாம் பொறுக்கி, தூசி தட்டி, எண் போட்டு, எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். லிஃப்ட் வருவதற்குள் மனிதர்கள் கேள்விகளை மட்டும் படித்தார்கள். பதிலுக்குக் குனிய வேண்டும். யார் குனிகிறார்கள்?

வியாழக்கிழமை கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாகப் போனார். "வருகிறார்கள்", "தயங்குகிறார்கள்", "மறுக்கிறார்கள்" என்று மூன்று கட்டம் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை கணக்குப் பார்த்தால் முதல் கட்டத்தில் ஆறு பேர். அவர் முகத்தில் கவலை இருந்தது என்பது உண்மை. அதற்கு மேல் ஒரு வெளிச்சமும் இருந்தது.

"நான் சொன்னேன்ல சார், தயக்கம் இருக்குன்னு?"

இரண்டாவது கட்டத்தில் என் தங்கையின் வீட்டு எண் இருந்தது. முந்நூற்று நான்கு.

எனக்குச் சுருக்கென்றது. படியேறிப் போனேன். அவள் மெஷினில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். பாப்பா ஒரு காலி நூல்கண்டை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, நாளைக்கு ஊசிக்கு வரலையாமே?"

"பாக்கலாம் அண்ணா."

"பாக்க என்ன இருக்கு? ஒண்ணும் ஆகாது. பயப்படாதே."

மெஷின் நின்றது. "நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள். "நான் ஒரு விஷயம் கேக்குறேன். ஒண்ணுமே ஆகாதுன்னா அந்த சார் எதுக்கு மூணு தடவை வந்து ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாரு? காலையில பால் போடுறவர் தினம் கதவைத் தட்டி, 'இந்தப் பாலைக் குடிச்சா சாக மாட்டீங்க'ன்னு சொல்லிட்டுப் போனா நீ அந்தப் பாலைக் குடிப்பியா?"

குடிக்க மாட்டேன்தான். ஆனால் ஒப்புக்கொள்ள முடியுமா? நான் அண்ணன். கையை ஆட்டி ஆட்டிக் கால் மணி நேரம் பேசினேன். கை கால் விளங்காமல் போகாது என்றேன், மூளை வளர்ச்சி நிற்காது என்றேன், அறிவிப்பில் இருந்த பதினான்கையும் வரிசை மாறாமல் ஒப்பித்தேன் என்பது கீழே இறங்கிய பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் நடுவில் ஒருமுறை, "அது இல்ல அண்ணா, பாப்பாவுக்கு..." என்று தொடங்கினாள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று அதையும் அடைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நர்ஸம்மா வந்தார். தோளில் நீல நிற ஐஸ் பெட்டி, கையில் பதிவேடு, அதிகம் பேசிப் பழக்கமில்லாத முகம். லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று அறிவிப்பைக் குனிந்து, நிமிர்ந்து, முழுவதும் படித்தார். இந்தக் கட்டடத்தில் அதை முழுவதும் படித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"இதை ஒட்டினது யாரு?"

அபயம் முன்னால் வந்தார். "நான்தான் சிஸ்டர். சும்மா ஒரு விழிப்புணர்வுக்காக."

"எடுத்துடலாமா?"

"ஏன் சிஸ்டர்? பதில் எல்லாம் சரிதானே?"

"பதில் எல்லாம் சரிதான் சார். கேள்விய யாரு கேட்டா?"

அபயம் என்னைப் பார்த்தார். நான் லிஃப்டைப் பார்த்தேன். நர்ஸம்மா அதற்குள் தாளைப் பிய்த்து, திருப்பி, பின்பக்கத்து வெள்ளையில் "தடுப்பூசி. இந்த அறை. பன்னிரண்டு மணி வரை" என்று எழுதி அதே இடத்தில் ஒட்டிவிட்டார். பத்து மணிக்குள் வந்த குழந்தைகள் ஐந்துதான். அவர் அதற்கு அலட்டிக்கொள்ளவில்லை. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். எல்லாருக்கும் ஒரே பேச்சு: "சுகாதார நிலையத்துலேர்ந்து பேசுறேன்மா. பாப்பாவுக்கு இன்னிக்கு ஊசி. பத்தரைக்கு உங்க முறை. கார்டு எடுத்துட்டு வாங்க. ஏதாவது கேக்கணும்னா இங்க வந்து கேளுங்க." பத்தரை, பத்து நாற்பது, பத்து ஐம்பது என்று நேரம் மட்டும் மாறியது.

பயப்படாதே என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. தன் முறை போய்விடுமே என்று மனிதர்கள் இறங்கி வந்தார்கள். தலை வாரி, பவுடர் போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் மாடி அம்மாள்கூடப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கி வந்தார்.

அபயம் வாசலில் நிலைகொள்ளாமல் தவித்தார். உதவி செய்யாமல் அவரால் இருக்க முடியாது. நர்ஸம்மா அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். "நீங்க வீட்டு நம்பரைக் கூப்பிடுங்க சார். நம்பர் மட்டும்." பாவம், அந்த மனிதர் அன்று பட்ட பாடு! ஒவ்வொரு தாயும் வாசல் தாண்டும்போது அவர் கை தானாக மேலே வரும், வாய் திறக்கும், நர்ஸம்மா ஒரு பார்வை பார்ப்பார், கை கீழே போகும். "முந்நூத்தி நாலு... பய..." என்று ஒருமுறை வழுக்கி, மென்று விழுங்கிவிட்டார்.

முந்நூற்று நான்கு. என் தங்கை வந்திருந்தாள். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார் நர்ஸம்மா. கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

"போன வாரம் பாப்பாவுக்குச் சளி பிடிச்சிருந்துச்சுங்க. இப்ப போடலாமா?"

அவ்வளவுதான். ஆறு நாளாக அவள் நெஞ்சில் இருந்த கேள்வி அது ஒன்றுதான். பதினான்கில் அது இல்லை. சிவப்பு மை, நோட்டுப் புத்தகம், ஒலிபெருக்கி, என்னுடைய கால் மணி நேரச் சொற்பொழிவு எதிலும் அது இல்லை. அவள் என்னிடம் வாய் திறந்தாள், நான் அடைத்தேன். எனக்கு அப்போது வந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

நர்ஸம்மா பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் கவனித்தார். "இப்ப காய்ச்சல் இல்ல. சளியும் விட்டுருக்கு. போடலாம். ஒரு வாரம் கழிச்சு லேசா காய்ச்சல் வரலாம், தடிப்புகூட வரலாம், ரெண்டு மூணு நாள்ல போயிடும். அதிகமா இருந்தா, பால் குடிக்கலைன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. சட்டைக் கையை ஏத்துங்க." பாப்பா ஒரு அலறு அலறிவிட்டு, ஐஸ் பெட்டியின் நீலத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

பன்னிரண்டு மணிக்குப் பத்தொன்பது. ஒரு வீடு வெளியூர் போயிருந்தது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு வீட்டில் மட்டும் முடியவே முடியாது என்றார்கள். "அங்க செவ்வாய்க்கிழமை போறேன். உக்காந்து என்ன விஷயம்னு கேக்கணும்" என்று குறித்துக்கொண்டு நர்ஸம்மா கிளம்பினார். அபயம் அறைக்கு வெளியே தனியாக நின்றிருந்தார்.

"நல்லதுக்குத்தானே சார் சொன்னேன்?"

"நல்லதுக்குத்தான் சார்" என்றேன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எந்த முகத்தோடு வரும்?

எட்டு நாள் கழித்து, ஞாயிறு காலை, பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறது என்று தங்கை போனில் சொன்னாள். ஒரு தகவலாகத்தான் சொன்னாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் என் முதல் மாடி வீட்டிலிருந்து மூன்றாவது மாடிக்கு ஓடி ஏறி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "பயப்படாதே! பயப்படாதே!" என்று கத்தினேன். அவள் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கதான் வரும்னு சொன்னாங்களே. ரெண்டு நாள்ல போயிடும். நான் ஏன் பயப்படணும்?" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஏன் அண்ணா செருப்புகூடப் போடாம ஓடி வந்திருக்க?"

நல்லவேளை, நீங்கள் அந்த இனம் இல்லை. இதைப் படித்துச் சிரித்தீர்கள், உங்கள் மாமாவையோ மேலதிகாரியையோ நினைத்துக்கொண்டீர்கள், எனக்குத் தெரியும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசியாக நீங்கள் ஒருவரிடம் "பயப்படாதே" என்று சொன்னபோது, அவர் உங்களிடம் என்ன சொல்ல வந்தார்?